கட்டுக்கம்பி

கிழக்கு வெளுக்கும்போதே பதினோரு எஞ்சின்களும் ஓலமிடத் தொடங்கியிருந்தன. கிளப் மைதானம் முழுவதும் பனி. கால் வைத்தால் கணுக்கால் வரை நனைகிற பனி. ஈரப்புல் புல்வெட்டும் மெஷினுக்கு எதிரி. காய்ந்த புல்லைப் பிளேடு சீவித் தள்ளிவிடும். ஈரப்புல்லோ மெஷினின் வயிற்றுக்குள் போய் அப்பிக்கொண்டு, களிபோல இறுகி, பிளேடின் குரல்வளையைப் பிடிக்கும். இது தெரிந்தேதான் பதினோரு பேர் பதினோரு மெஷின்களை மேட்டிலும் சரிவிலும் தள்ளிக்கொண்டு போனார்கள். எட்டு மணிக்கு மெம்பர்கள் விளையாட வரும்போது புல் கம்பளமாக விரிந்து கிடக்க வேண்டும். அதை வெட்டியவர்களின் காலடிகூட அதில் தெரியக் கூடாது.

இரண்டு மணி நேரம் மெஷின் பிடித்த கை அதன்பிறகு எதைத் தொட்டாலும் அதிரும். தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் பாதி மார்பில் கொட்டும். காதுக்குள் ஒரு வண்டு நாள் முழுக்கக் குடைந்துகொண்டே இருக்கும்.

பாட்டுக்காரர் மட்டும் பாடிக்கொண்டே தள்ளுவார். எஞ்சின் போடுகிற சத்தத்தில் அவர் பாட்டு அவருக்கே கேட்காது. "அதனாலதான் நாங்கல்லாம் இன்னும் உயிரோட இருக்கோம்" என்பான் நெட்டையன். மைதானத்தில் எங்கே நின்றாலும் அவன் தலை முதலில் தெரியும். பாட்டுக்காரரின் மனைவி, கணவர் வெட்டிப்போட்ட புல்லை வாரியால் வாரிக் கூடையில் நிரப்பிக்கொண்டு பின்னாலேயே வருவாள். "வீட்லயும் அவரு போட்டதை நான்தான் வாரணும், இங்கயும் நான்தான் வாரணும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

இந்தப் பதினோரு மெஷின்களுக்கும் பொறுப்பு ஸ்பானர் அக்கா. நாற்பது வயதிருக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பானரைச் செருகியிருப்பாள். கேட்கிறவர்களிடமெல்லாம், "புருசன் விட்டுட்டுப் போனப்ப வீட்ல மிச்சமிருந்தது ரெண்டு பொண்ணும் ஒரு ஸ்பானரும்தான்" என்பாள். மெஷின் கொட்டகையில் அவள் வைத்ததுதான் சட்டம். வெட்டி முடித்த மெஷினை நிறுத்தினதும் யாரும் அதைத் தொடக் கூடாது. எஞ்சின் ஆற வேண்டும். ஆறியபின் முதல் வேலையாக, பிளக்கிலிருந்து ஒயரைப் பிடுங்கி எட்டத்தில் மடக்கி வைக்க வேண்டும். "அது நெஞ்சு. நெஞ்சைக் கழட்டி வெச்சுட்டுத்தான் வயித்துல கை வெக்கணும்" என்பாள். பிறகு ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி மெஷினைச் சாய்த்து, மரக்குச்சியால் புல்லைச் சுரண்டி எடுப்பாள். தடித்த கையுறை இல்லாமல் பிளேடு பக்கம் எவர் கையும் போகாது. பிளேடைக் கழற்றி, அரத்தால் தீட்டி, நடுத் துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்ப்பாள். ஒரு பக்கம் தாழ்ந்தால் இன்னும் இரண்டு இழுப்பு. விரிசல் தெரிந்தால் தூக்கிக் குப்பையில் எறிந்துவிடுவாள். சூடு அடங்காத மெஷினில் யாராவது பெட்ரோல் ஊற்ற வந்தால் ஸ்பானர் தலைக்கு மேல் உயரும்.

இத்தனைக்கும் ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் புதிய கான்ட்ராக்டர் வந்த முதல் வாரத்திலேயே பறித்தான்.

"எஞ்சின் ஆற எவ்ளோ நேரம்?" என்று கேட்டான்.

"அரை மணி சார்."

"மனுசனுக்கே நான் அரை மணி ஓய்வு குடுக்கறதில்ல. மெஷினுக்கு எதுக்கு?"

அடுத்த வாரம் கையுறை வருவது நின்றது. அதற்கடுத்த வாரம் அவன் கண் லீவரில் விழுந்தது. கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கிற கம்பி அது. பிடித்திருந்தால்தான் எஞ்சின் ஓடும், கை விட்டால் நின்றுவிடும். கால் வழுக்கி விழுந்தவனை அவன் மெஷினே அறுத்துவிடாமல் காப்பது அந்த ஒரு கம்பிதான்.

"நிமிசத்துக்கு ஒருதரம் இதை விட்டுடறானுங்க. நின்னா மறுபடி கயிறு இழுக்கறதுலயே பாதிப் பொழுது போகுது. கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டிடு."

"அதைக் கட்டக் கூடாது சார். கை தவறினா நிக்கறதுக்குத்தான் அது இருக்கு."

கான்ட்ராக்டரின் பின்னால் நின்ற சூப்பர்வைசர் ஆயில் டப்பாவை ஓர் உதை விட்டான். அது உருண்டு போய்ச் சுவரில் மோதிக் கொட்டியது. அவன் கையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். அதன் நுனியால் ஸ்பானர் அக்காவின் மோவாயை நிமிர்த்தினான். "நீ கட்டறியா, இல்ல கட்டற ஆளா பாத்து வேலைக்கு வெக்கட்டுமா?"

எல்லோரும் போனபிறகு அவள் கட்டினாள். பதினோரு மெஷின்களிலும் அவளே கட்டினாள். மறுநாள் காலையில் கம்பியைப் பார்த்து எல்லோரும் சூப்பர்வைசரின் ஏழு தலைமுறையையும் ஏசினார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் அரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

*

இதெல்லாம் நடந்து ஒன்பதாம் நாள் அது. மணி ஆறரை இருக்கும். மேற்குச் சரிவில் பாட்டுக்காரரின் ஏழாம் நம்பர் மெஷின் திணறி, இருமி, நின்றது. அவர் அதைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே பச்சைக் களியாகப் புல். பிளேடு அதில் புதைந்து அசையாமல் கிடந்தது. நிமிர்த்திக் கொட்டகைப் பக்கம் தள்ளத் திரும்பினார்.

"எங்கடா போற?" சூப்பர்வைசர் சரிவின் மேலிருந்து இறங்கி வந்தான்.

"புல்லு அடைச்சிருச்சு சார். அக்காகிட்ட குடுத்து, பிளக்கைக் கழட்டி..."

"அக்காகிட்ட குடுப்பான், ஆத்தாகிட்ட குடுப்பான்! இங்கயே எடு. கை எதுக்கு இருக்கு?"

"ஒரு குச்சியாவது எடுத்துக்கறேன் சார்."

பிரம்பு அவர் முதுகில் இறங்கியது. சட்டை பிரம்போடு ஒட்டிக்கொண்டு பிரிந்தது. இரண்டாவது அடி பிடரியில். அவர் மண்டியிட்டு மெஷினைச் சாய்த்தார். கையை உள்ளே விட்டார். புல் பிய்ந்து வந்தது. இன்னும் ஆழமாக விட்டார். பிளேடின் ஓரத்தைப் பிடித்து அசைத்து, அடியில் சிக்கியிருந்த கட்டியை இழுத்தார்.

எஞ்சின் நின்றுதான் இருந்தது, சாகவில்லை. லீவர் கட்டியிருந்ததால் பிளக்கின் உயிர் பிளக்கிலேயே இருந்தது. உள்ளே சூடும் இருந்தது, பெட்ரோலும் இருந்தது. பிளேடு அரைச் சுற்றுத் திரும்பியது. அது போதும். ஒரே ஒரு வெடி. பிளேடு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

பாட்டுக்காரர் கத்தவில்லை. கையை வெளியே எடுத்து யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் மூன்று இல்லை. வெள்ளையாக எலும்பு தெரிந்த இடத்திலிருந்து ரத்தம் ஒரு நொடி யோசித்துவிட்டு, பிறகு பீறிட்டது. சூப்பர்வைசரின் கால்சட்டையில் தெறித்தது.

கத்தியது அவர் மனைவி. பத்து எஞ்சின்களின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு அந்தக் குரல் கொட்டகை வரை போனது. ஸ்பானர் அக்கா ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அவள் கை முதலில் பிளக் ஒயரைப் பிடுங்கியது. பிறகுதான் மனிதனிடம் போனது. தலைத்துண்டை அவிழ்த்து அவர் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். "மேல பாருங்க அண்ணே. வானத்தைப் பாருங்க. கையைப் பாக்காதீங்க."

மனைவி வாரியை வீசிவிட்டு வெட்டுப்புல்லை இரண்டு கையாலும் அளைந்தாள். ஒரு விரல் கிடைத்தது. கூடைக்கு அடியில் இன்னொன்று. மூன்றாவதைப் பிளேடு விட்டுவைக்கவில்லை. கிடைத்த இரண்டையும் ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

"மெம்பருங்க வர்ற நேரம். தண்ணி அடிச்சு அந்த இடத்தைக் கழுவுங்கடா" என்றான் சூப்பர்வைசர்.

விளையாட்டுப் பைகளை ஏற்றுகிற சின்ன வண்டியில் பாட்டுக்காரரைத் தூக்கிப் போட்டு, அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு நெட்டையன் முன்வாசலுக்கு விரட்டினான். வாசலில் காவலாளி மறித்தான். வேலைக்காரர்கள் பின்வாசலில்தான் போக வேண்டும். அது ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்த்திசை. நெட்டையன் இறங்கி, காவலாளியின் மார்பில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான். குறுக்குக் கம்பத்தைத் தோளில் தாங்கி நெம்பினான். அது முறிந்தது. வண்டி போனது.

திரும்பிப் பார்த்த ஸ்பானர் அக்காவின் கண்ணில் ஒன்று பட்டது. சூப்பர்வைசர் ஏழாம் நம்பர் மெஷின் பக்கத்தில் குனிந்திருந்தான். குறடு பளபளத்தது. லீவரிலிருந்த கட்டுக்கம்பியை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

*

ஒன்பது மணிக்குக் கான்ட்ராக்டர் சூப்பர்வைசரோடு கொட்டகைக்கு வந்தான். எழுதித் தயாராக வைத்திருந்த ஒரு தாளைப் பணிமேசையில் விரித்தான். அன்று பாதி வேலையில் திரும்பிய மூன்றாம் நம்பர் மெஷின் மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவன் விடவில்லை. அது ஓடினால் வெளியே பேச்சு கேட்காது.

"நடந்தது நடந்துபோச்சும்மா. அவன் குடிச்சிட்டு வந்து, சொல்லச் சொல்லக் கேக்காம கையை விட்டான்னு எழுதியிருக்கு. மெஷினுக்குப் பொறுப்பு நீ. நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"அவரு குடிச்சதே இல்ல சார். பாட்டு ஒண்ணுதான் அவருக்குப் போதை."

"இனிமே குடிப்பான், விடு."

"லீவர் கட்டியிருந்துச்சு. அதான் எஞ்சின் வெடிச்சுது."

கான்ட்ராக்டர் சிரித்தான். தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "பாரு, இந்தக் கைல எங்கயாவது கிரீஸ் இருக்கா? கட்டினது யாரு? போலீஸ் வந்தா யாரு கையைப் புடிக்கும்? ரெண்டு பொண்ணு வெச்சிருக்க. யோசிச்சுப் பேசு."

அவள் யோசித்தாள். ஒன்பது நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். "நான்தான் கட்டினேன். அதை நானே சொல்றேன். நீங்க கட்டச் சொன்னதையும் சேத்தே சொல்றேன். இவன் வெட்டிப் பையில போட்டதையும் சொல்றேன்."

சூப்பர்வைசர் அவள் இடது முழங்கையைப் பிடித்து முறுக்கினான். ஓடிக்கொண்டிருந்த மெஷின்வரை தரதரவென்று இழுத்துப் போனான். முன்கையைச் சைலன்சரின் மேல் வைத்து அழுத்தினான். தோல் சீறியது. கருகிய வாடை அவள் மூக்குக்கு வந்தது. அது தன் வாடை என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று.

"போடறியா?"

அவள் வலக்கை இடுப்புக்குப் போனது. ஸ்பானர் அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவன் ஊளையிட்டுக்கொண்டு சுருண்டான். அவள் தாளைக் கசக்கி எறியவில்லை, கிழிக்கவும் இல்லை. நாலாக மடித்துத் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

*

மேற்குச் சரிவில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பாதி வேலையில் விட்ட மெஷின்கள் ஆங்காங்கே ஆளில்லாமல் ஓடியபடி நின்றிருந்தன. பாட்டுக்காரரின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நெட்டையனோடு அப்போதுதான் திரும்பியிருந்தாள். மார்பிலிருந்து பாதம்வரை ரத்தம் காய்ந்து விறைத்த சேலை.

"ஒட்ட வெக்க முடியாதுன்னுட்டாங்க. வேலை செய்யறப்ப அடிபட்டதுன்னு எழுதி ஒரு லெட்டர் கொண்டுவான்னாங்க. அது இல்லாட்டி பெட்டு குடுக்க மாட்டாங்களாம். வராந்தாவுல கெடத்தியிருக்கு" என்றாள். அழவில்லை. குரல் மரக்கட்டையாக இருந்தது.

ஸ்பானர் அக்கா அவள் எதிரில் போய் நின்றாள்.

"கம்பியைக் கட்டினது சூப்பர்வைசர் இல்ல. நான். கட்டலேன்னா வேலை போயிடும்னு சொன்னாங்க. பயந்துட்டேன். பதினோரு மெஷின்லயும் நான்தான் கட்டினேன்."

மனைவியின் கை அவள் கன்னத்தில் இறங்கியது. இன்னொரு அறை. பிறகு முஷ்டி. முகத்திலும் தோளிலும் மார்பிலும் மாறிமாறி விழுந்தது. ஸ்பானர் அக்கா கையைத் தூக்கவில்லை. உதடு கிழிந்தது. கீழே விழுந்தாள். விழுந்தவள்மேல் உட்கார்ந்து அடித்தாள். யாரும் விலக்கவில்லை. விலக்குகிற உரிமை தங்களுக்கு இல்லை என்று எல்லோருக்கும் தோன்றியது.

அடித்து அடித்துக் கை ஓய்ந்தபோது அவள் கண்ணில் அந்த முன்கை பட்டது. தோல் உரிந்து, சைலன்சரின் வரி வரியான அச்சு.

"இது என்ன?"

"கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அவரு குடிச்சிருந்தாருன்னு."

"போட்டியா?"

ஸ்பானர் அக்கா மடித்த தாளை எடுத்து நீட்டினாள். கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"மத்த மெஷின்லல்லாம் இன்னும் கட்டியிருக்கா?"

"பத்துலயும் இருக்கு."

"அப்போ எந்திரி. போய் அவுரு." எழுந்து நின்று, அடித்த கையையே நீட்டி அவளைத் தூக்கிவிட்டாள். "உன்னை நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. அது வேற. அதை அப்புறம் பாத்துக்கலாம்."

பத்து மெஷின்களிலும் கம்பி அவிழ்ந்தது. கட்டியவளே அவிழ்த்தாள். அவள் பின்னாலேயே ஒவ்வொருவரும் தத்தம் மெஷினின் பிளக் ஒயரைப் பிடுங்கினார்கள். மைதானத்தில் எஞ்சின் சத்தம் அடியோடு நின்றது. கிளப் மாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மெம்பர்கள் என்னவோ ஏதோவென்று எழுந்து பார்த்தார்கள். இத்தனை வருடமாகக் கேட்ட சத்தம் அவர்களுக்கு நின்றபிறகுதான் கேட்டது.

கான்ட்ராக்டர் ஆறு காவலாளிகளோடு வந்தான். தடிகள். முறிந்த மணிக்கட்டைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு சூப்பர்வைசரும் வந்தான்.

"மெஷினை எடுங்கடா."

"லெட்டர் குடுங்க" என்றாள் பாட்டுக்காரரின் மனைவி. "வேலையிலதான் அடிபட்டுச்சுன்னு எழுதிக் குடுங்க."

"கையுறை வேணும்" என்றார் ஒருவர்.

"எஞ்சின் ஆறற வரைக்கும் யாரும் கை வெக்க மாட்டோம். லீவரை இனி ஒருத்தனும் கட்டக் கூடாது" என்றாள் ஸ்பானர் அக்கா. உதட்டு ரத்தம் மோவாயில் வழிந்தது.

"சட்டம் பேசறியா? கம்பியைக் கட்டின கையி!"

"கட்டின கைதான் அவுத்துச்சு. கண்ணு இருந்தா பாருங்க."

முதல் தடி நெட்டையன்மேல் விழுந்தது. உயரமானவன் எப்போதும் முதலில் அகப்படுவான். தோளெலும்பு முறிந்து ஒரு கை தொங்கியது. அவன் தடுமாறிப் போய், ஏழாம் நம்பர் மெஷினிலிருந்து ஸ்பானர் அக்கா கழற்றி வைத்திருந்த பிளேடை மறுகையால் எடுத்தான். காவலாளிகள் ஓர் அடி பின்வாங்கினார்கள். சூப்பர்வைசரின் முகம் வெளிறியது. அத்தனை பேர் கண்ணும் நெட்டையனுக்கு, "போடு" என்றுதான் சொல்லிற்று.

பாட்டுக்காரரின் மனைவி குறுக்கே வந்து நின்றாள். "கீழ போடு தம்பி."

"அண்ணி, வழி விடுங்க. ஒரே வீச்சு."

"இன்னிக்கு இது குடிச்ச ரத்தம் போதும். அதுவும் எம்புருசன் ரத்தம். நீ வீசினா, அவரு வெரலு போனது எவனுக்கும் ஞாபகம் இருக்காது. நீ வீசினது ஒண்ணுதான் பேப்பர்ல வரும். கீழ போட்டுட்டு உக்காரு."

நெட்டையன் கையைத் தாழ்த்தினான். பிளேடு புல்லில் விழுந்தது. அவன் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பானர் அக்கா அவளுக்கு அடுத்து. ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு, கவிழ்ந்து கிடந்த ஏழாம் நம்பர் மெஷினைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

தடிகள் முதுகுகளில் இறங்கின. உட்கார்ந்திருப்பவனை அடிப்பது சுலபம். நாலடியில் கை வலிக்காது, நாற்பதடியில் வலிக்கும். ஒருவருக்கு மண்டை பிளந்தது. ஒருத்திக்குப் பல் தெறித்தது. ஸ்பானர் அக்காவின் புருவம் கிழிந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியது. யாரையாவது இழுத்தால் கோத்த கைகளோடு மொத்த வளையமும் நகர்ந்தது, பிரியவில்லை. காவலாளிகளில் ஒருவன், நரைத்த மீசைக்காரன், தடியைத் தாழ்த்திவிட்டு மூச்சிரைக்க நின்றான். அப்புறம் ஓங்கவில்லை. மாடியில் ஒரு மெம்பர் சன்னலைச் சாத்தினார்.

சமையற்கட்டுக் கதவு திறந்தது. பாத்திரம் கழுவுகிற பெண்கள் ஈரக் கையோடு வந்தார்கள். சலவை அறையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை. வந்து, வளையத்தை அகட்டி, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கான்ட்ராக்டர் போனில் கத்திக்கொண்டிருந்தான். அரைமணி கழித்து ஒரு லாரி வந்தது. அதில் பன்னிரண்டு பேர். வேறெங்கோ வேலை தேடி நின்றவர்களை அள்ளி வரச் செய்திருந்தான். கான்ட்ராக்டரின் முகத்தில் மறுபடி ரத்தம் ஊறியது.

"இவனுங்க உக்காந்தே கெடக்கட்டும். ஆளுக்கொரு மெஷினை எடுத்து ஸ்டார்ட் பண்ணுங்க!"

லாரியிலிருந்து இறங்கியவர்களின் முன்னால் வந்தவர் தோள் அகன்ற மனிதர். வேலை கிடைத்த அவசரத்தில் வேகமாக நடந்து வந்தார். சரிவில் கால் வைத்ததும் நின்றார். தண்ணீர் அடித்தும் போகாத கறை புல்லில் கறுத்திருந்தது. கவிழ்ந்த மெஷினைப் பார்த்தார். மண்டை பிளந்தவரைப் பார்த்தார். ரத்தச் சேலையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு?"

அவள் சொன்னாள். நாலே வரி. கைக்குள் விரலை மடக்கி, மூன்று இல்லாத கையைக் காட்டினாள்.

அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவர் லாரியையும் மைதானத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டியிருந்தது.

"என்னடா பேச்சு? ஸ்டார்ட் பண்ணு!" கான்ட்ராக்டரின் குரல் உடைந்தது.

தோள் அகன்றவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவளிடம்தான் கேட்டார்:

"நாங்க எங்கம்மா உக்காரணும்?"

பாட்டுக்காரரின் மனைவி ஸ்பானர் அக்காவின் கையை விடாமல் அவளைத் தன்பக்கம் நெருக்கி இழுத்துக்கொண்டு, புல்லில் இடம் விட்டாள்.